வீட்டில் தொந்தரவு ஏதும் இல்லையே

லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? முதலில் எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அமுக்குவார். பிறகு கதவைத் தட்டுவார். அதற்கும் அசையவில்லை என்றால்தான் மணி படம் போட்ட பொத்தான் ஒன்று கண்ணில் படும். அதை அமுக்கியதும், எங்கிருந்தோ ஒரு பெண்குரல், "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று வரும். அந்தக் குரலுக்கு ஒரு வீடு உண்டு, வீட்டில் அடுப்பு உண்டு, அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருக்கும் என்பதெல்லாம் மாட்டிக்கொண்டவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் விதி. அந்த விதியால் வந்த வினையைத்தான், பிள்ளைகளே, சொல்லப்போகிறேன்.

முன்பெல்லாம் அப்படிக் குரல் கொடுக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மணி அடித்தால் எடுக்க வேண்டும். எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்க வேண்டும். மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் வந்து சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் 'இறங்கு' என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரவே கூடாது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கும்போது ஒருவர் கதவை நெம்பிக் காலை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மெக்கானிக் வந்து, கரண்ட்டை நிறுத்தி, அவர் சொல்ல வேண்டும் இறங்கச் சொல்லி. மற்றவர்கள் யாரும் சொல்லக் கூடாது.

ஒரு நாள் லிஃப்ட் கம்பெனி அந்தக் கூடத்தில் பெரும்பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. மேற்பார்வை பார்த்தவளும் வீட்டுக்குப் போனாள். காலையில் வேலை தொடங்கும்போது ஒவ்வொருத்தியும் போனில் உள்ள குழுவில் 'உள்ளேன்' என்று எழுத வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. முதல் நாளே ஒருத்தி 'உள்ளேன் டீச்சர்' என்று எழுதிவைத்தாள். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவளுக்கு டீச்சர் என்றுதான் பேர். முகத்துக்கு நேரே மேடம்.

அனுப்புவதற்கு முன்னால் டீச்சர் ஒவ்வொருத்தியையும் போனில் கூப்பிட்டுக் கேட்டிருந்தாள். தனி அறை இருக்கிறதா, கதவு சாத்த முடியுமா, நெட் ஒழுங்காக வருமா. கடைசியாக ஒரு கேள்வி: "வீட்ல தொந்தரவு ஏதும் இல்லையே?" எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். டீச்சருக்கும் நிம்மதி. நல்ல பிள்ளைகள், எல்லார் வீட்டிலும் அமைதி தாண்டவமாடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்களில் ஒருத்தியைச் சின்னக்குரல் என்பார்கள். அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவளை எதற்கு எடுத்தார்கள் என்று கூடமே கிசுகிசுத்தது. போகப் போகத்தான் விஷயம் விளங்கியது. லிஃப்டுக்குள் அகப்பட்டுக் கூச்சல் போடுகிறவர்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே கூச்சலை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினால் பாதி பயம் போய்விடும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். "சின்னக்குரல் பேசி வச்ச ஆளுன்னா கதவைத் தொறந்ததும் சிரிச்சுக்கிட்டே நிப்பாரு" என்று மெக்கானிக்குகள் பேசிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் மேல்தான் புகார் வந்தது.

ஒரு மத்தியானம் ஒருவர் காய்கறிப் பையோடும் குடையோடும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். சின்னக்குரல்தான் எடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மெக்கானிக்கும் கட்டடத்து வாசலுக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் அவள் பேசுவதற்குப் பின்னாலிருந்து கணீரென்று ஓர் ஆண்குரல்: "கடைசி ஸ்டாப்பு. எறங்குங்க, எறங்குங்க. எல்லாரும் எறங்கியாச்சா?"

லிஃப்டில் இருந்தவர் இது கம்பெனிக்காரன் குரல் என்றே எடுத்துக்கொண்டார். எறங்கவா என்று கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று இவள் சொன்னாள். எந்தச் சின்னக் குரலுக்காக அவளைக் கொண்டாடினார்களோ, அதே குரல் அன்றைக்கு எடுபடவில்லை. மனிதர் குடைக்கம்பியால் கதவை நெம்பி, ஒரு காலை மேல்மாடி விளிம்பில் ஊன்றிவிட்டார். அந்த நொடி மெக்கானிக் ஓடிவந்து கரண்ட்டை நிறுத்தி, போட்ட அதட்டலில் ஆள் அப்படியே உறைந்துபோனார். ஒரு கீறல் இல்லை. ஒரு செருப்பு மட்டும் நழுவி அடிக்குழியில் விழுந்தது.

மாட்டிக்கொண்டவர்கூட விட்டுவிட்டார். கட்டடத்துச் செயலாளர் விடவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, கேட்டு, புகார் எழுதிவிட்டார்.

அந்தப் பதிவை டீச்சரும் கேட்டாள். கம்பெனியை நடத்தும் பெரிய சார் மாடியறையிலிருந்து கூப்பிட்டு அதிகம் பேசவில்லை. கூடத்தில் கொஞ்சம் மேசைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, சின்னக்குரலை அடுத்த வாரத்திலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள் என்றார். மற்ற வீடுகளில் என்ன கூத்து நடக்கிறதோ என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு செருப்போடு போனது. ஒரு காலோடு போயிருந்தால்?

டீச்சர் சின்னக்குரலைப் போனில் பிடித்தாள். யார் அது என்று கேட்டாள்.

"மாமா, மேடம். எங்க வீட்டுக்காரரோட அப்பா. பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. இப்ப ஞாபகம் சரியில்ல. இன்னும் பஸ்லதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"அன்னிக்கே கேட்டேனேம்மா, வீட்ல தொந்தரவு ஏதும் இல்லையேன்னு."

எப்போதும்போல் மெதுவாகப் பதில் வந்தது:

"தொந்தரவு இருக்கான்னுதானே கேட்டீங்க. மாமா இருக்காரான்னு கேக்கலையே, மேடம்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதில்லை அது. அவள் குரலில் அப்படி ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். முதலில் டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் நெஞ்சிலேயே நின்றது. தொந்தரவு. உண்மைதானே. வீட்டு மனிதரைப் போய், ஆமாம் மேடம், எனக்கு ஒரு தொந்தரவு இருக்கிறது என்று எந்த மருமகள் சொல்லுவாள்? சொன்னால் அவள் என்ன மருமகள்?

அறையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வீட்டில் அவள் கணவரைக் காணோம். வாசலைத் திறந்தால், மனிதர் மாடிப்படியில் பேப்பரை விரித்துக்கொண்டு, டீ டம்ளரைக் கீழ்ப்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மீட்டிங் முடிஞ்சுதா? உள்ள வரலாமா?" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டிலிருந்து வேலை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு தடவை அவர் இருமினார், அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் படிக்கட்டுக்குக் குடிபோய்விட்டார். இவளும் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்க" என்று சொல்லும்போது அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் டீச்சர் கிளம்பிச் சின்னக்குரல் வீட்டுக்கே போய்விட்டாள்.

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. டீச்சர் மூச்சு வாங்க ஏறி, கதவைத் தட்டினாள். திறந்தவர் கண்டக்டர் மாமாதான். நிமிர்ந்த உடம்பு. தோளில் வார் தேய்ந்துபோன ஒரு தோல் பை, கழுத்தில் கயிற்றில் கட்டிய விசில். வந்தவள் யார் என்று அவர் கேட்கவில்லை.

"முன்னாடி போங்கம்மா, முன்னாடி எடம் இருக்கு. படியில நிக்காதீங்க."

டீச்சர் முன்னாடி போனாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, பழைய காலண்டர் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று விசாரித்தார். எங்கே வேண்டுமானாலும் விடுங்கள் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். அப்படியெல்லாம் டிக்கெட் கிடையாது, இடத்தைச் சொல்ல வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் சின்னக்குரல் உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஆபீஸ்னு சொல்லுங்க மேடம், குடுத்துருவாரு" என்றாள். ஆபீஸ் என்றதும் தாள் கைக்கு வந்தது. சில்லறை மட்டும் இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த சந்தில் மேசை. கதவின் உட்பக்கம் முழுக்கக் கம்பளியை மடித்து ஆணி அடித்திருந்தார்கள், சத்தம் உள்ளே வராமல் இருக்க. கீழிடுக்கில் சுருட்டிய துண்டு. சின்னக்குரல் தன்னால் முடிந்ததெல்லாம் செய்திருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கடைசி இருக்கைவரை கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டைக்கு முன்னால் கம்பளி என்ன செய்யும்?

அவள் கணவர் ஒரு ஆஸ்பத்திரிக் கேண்டீனில் சமையல்காரர். விடியுமுன் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவார். அன்று வந்திருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே பேசினார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை வைத்துப் பார்த்தார்களாம். அந்த அம்மா தினமும் டிக்கெட் எடுக்காமலே ஏறுகிறாள் என்று மாமா அவளை வாசலில் இறக்கிவிட்டுவிட்டாராம். தனியே விட்டால் பஸ் டிப்போவைத் தேடிக்கொண்டு தெருவில் நடந்துவிடுவார். அதனால் மருமகள் வீட்டை விட்டு நகர முடியாது. கூடத்துக்கு வா என்றால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சம்பளத்துக்காக மட்டும் சொல்லல மேடம். எப்படியாவது ஓட்டிருவோம். அவ வாயைத் தெறந்து நாலு வார்த்தை பேசுறதே அந்த வேலையிலதான். அதுவும் போச்சுன்னா, இந்த வீட்ல எங்கப்பா குரல் மட்டுந்தான் இருக்கும்."

டீச்சர், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதைப் பக்குவமாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. சின்னக்குரல் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் அப்பாவின் தோளில் கை வைத்து அழைத்துப்போய் ஜன்னலோரம் உட்காரவைத்தார். கீழே நாற்சந்தி. வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு மாமா ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூவத் தொடங்கினார். ஆஸ்பத்திரி எறங்கு, பள்ளிக்கூடம் எறங்கு. கணவர் பதறிப்போய் அவர் வாய்க்கு முன்னால் கையை வைத்தார். அந்தப் பதற்றத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சட்டென்று மாமா நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கையை உயர்த்தி, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"சிக்னல். யாரும் எறங்காதீங்க. நம்ம எடம் இன்னும் வரல."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சந்தியில் சிவப்பு விளக்கு. அது பச்சையானதும் மாமா மறுபடி கூவினார். சிவப்பானதும் மறுபடி கை உயர்ந்தது, மறுபடி அதே வார்த்தை, மறுபடி அமைதி. சிக்னலில் பஸ் நிற்கும்போது அவசரக்காரர்கள் நடு ரோட்டில் குதிப்பார்கள். அவர்களைத் தடுத்துத் தடுத்தே பழகியவர். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அது அவரிடமிருந்து போகவில்லை. டீச்சர் அங்கேயே நின்று சிக்னல் மாறி மாறி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளர் கையிலேயே இருந்தது.

பிள்ளைகளே, பழைய கூடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு சிவப்பு பல்பு உண்டு. இணைப்பு வந்தால் தானாக எரியும். எரிகிற மேசைப் பக்கம் யாரும் பேசக் கூடாது. பெரிய சாரே செருப்பைக் கையில் எடுக்காத குறையாக நடந்துபோவார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அனுப்பினார்கள், ஹெட்செட் அனுப்பினார்கள், முதுகு வலிக்காத நாற்காலி வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லும் அந்தப் பல்பை அனுப்ப மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் மற்றவர்கள் இருப்பார்கள் என்று நினைத்தால்தானே தோன்றும்? அந்தப் பல்புகள் ஒரு அட்டைப்பெட்டியில் தூசி படிந்து கிடந்தன.

டீச்சர் சொல்லியனுப்பி, மறுநாள் பல்போடு மெக்கானிக் வந்தார், செருப்பைக் குழியிலிருந்து எடுத்த அதே மெக்கானிக். கண்டக்டர் மாமாவைப் பார்த்ததும், "லிஃப்ட் ஸ்பீக்கர்ல உங்க குரலைக் கேட்டுத்தான் அய்யா அன்னிக்கு நான் கடைசிப் படிக்கட்டெல்லாம் தாவி ஏறினேன்" என்று கும்பிட்டார். மாமா அவரைப் பின்னாடி போகச் சொன்னார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் பல்பை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வீட்டுப் பல்பு சிவப்பு, வெளியே சிக்னல் பச்சை. மாமா குழம்பிப்போய், இந்தச் சந்தியில் சிக்னல் பழுது, டிப்போவில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரகளை செய்தார். பல்பை எதிர்ச்சுவருக்கு மாற்றி, வேலை நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அடுத்து, பல்பு எரிந்தால் விசில் ஊதினார். விசிலை வாங்கினால் முகம் சுண்டிப்போகும். மகன் அதற்குள் கொஞ்சம் பஞ்சைத் திணித்துக் கொடுத்தார். ஊதினால் காற்றுதான் வரும். காதும் மந்தம் என்பதால் மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாரம் முடிவதற்குள் ஒருவழியாகப் பழகிவிட்டது. பழகாத நேரமும் உண்டு. வெயில் இறங்கிவிட்டால் எந்தப் பல்புக்கும் அடங்கமாட்டார், வண்டியை டிப்போவில் விட வேண்டும் என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார்.

இதற்கு நடுவில் டீச்சர் இன்னொரு காரியம் செய்தாள். குழுவில் எல்லாருக்கும் ஒரு கேள்வி எழுதினாள். முன்பு கேட்ட கேள்வி தப்பு, இப்போது சரியாகக் கேட்கிறேன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. வேலைக்கு உலை வைக்கிற கேள்வியோ என்று பயந்திருப்பார்கள். பிறகு ஒருத்தி, கிளி இருக்கிறது என்றாள். 'எத்தனாவது மாடி, எத்தனை பேர்' என்று அதுவும் கேட்கிறதாம், ஒரு தடவை இவளுக்கு முன்னால் கேட்டுவிட்டதாம். ஒருத்தி, இரட்டைக் குழந்தைகள் தூங்குவதற்காக அறையை விட்டுக்கொடுத்துவிட்டு, குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பதாகச் சொன்னாள். "அதான் உன் குரல் அவ்வளவு கம்பீரமா எதிரொலிக்குதா?" என்று மற்றவர்கள் ஓட்டினார்கள். அதன்பிறகு மடை திறந்த மாதிரிதான். மாமியார், நாத்தனார், தாளம் பழகும் தம்பி, மேல்வீட்டு மாவரைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அமைதி தாண்டவமாடிய வீடு ஒன்றுகூட இல்லை.

உங்கள் வீட்டில் யார் மேடம் என்று ஒருத்தி துணிந்து கேட்டாள். 'என் வீட்டுக்காரர். இத்தனை நாளா படிக்கட்டில இருந்தார். இப்ப உள்ள வந்துட்டார்' என்று எழுதினாள் டீச்சர்.

எல்லாருக்கும் கடைசியாக ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது. 'எங்க வீட்ல யாரும் இல்ல மேடம். அதுதான் கஷ்டம்.' தன்னைத்தானே ஒண்டிக்கட்டை என்று சொல்லிச் சிரிக்கிறவள் அவள். டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். மறுபடி கூடத்துக்கே வந்து உட்காரலாமா என்று கேட்க அவளுக்கு நெடுநாளாக ஆசையாம். எல்லாரும் வீடுதான் வேண்டும் என்கிறபோது, தான் மட்டும் வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்திருக்கிறாள். சாயங்கால நேரத்தையும் சேர்த்து நானே எடுத்துக்கொள்கிறேன், அந்த நேரந்தான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாள். டீச்சருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு பெரிய சாரைப் பார்க்கப் போனாள். போகும்போது, அந்த வாரத்தில் சின்னக்குரல் எடுத்த ஓர் இணைப்பின் பதிவையும் கொண்டுபோனாள். நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகவில்லை. மாமாவின் குரல் தெளிவாகக் கேட்கிற ஒன்றைத்தான் எடுத்துப்போனாள். மறைத்து ஜெயிக்க அவளுக்கு மனசில்லை.

அதில் மாட்டிக்கொண்டது ஒரு துப்புரவுப் பெண். வாளியும் துடைப்பமுமாக உள்ளே நிற்கிறாள். மூச்சு முட்டுகிறது, கதவை நெம்பப் போகிறேன் என்று அழுகிறாள். சின்னக்குரல் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அப்போது கதவுக்கு அப்பாலிருந்து மாமா:

"சிக்னல் விழுந்திருக்கு. யாரும் எறங்காதீங்க. டிரைவர் பாத்துக்குவாரு."

அழுகை நின்றது. "யாருங்க அது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எங்க மாமனாருங்க. கண்டக்டரா இருந்தவரு. நீங்க பஸ்ல உக்காந்திருக்கீங்கன்னு நெனைக்கிறாரு."

வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. "சரி, உக்காந்துக்கிறேன். பச்சை விழுந்தா சொல்லச் சொல்லுங்க" என்றாள். அழுதவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மெக்கானிக் வரும்வரை இரண்டு பெண்களும் அவரவர் மாமனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சார் பதிவை நிறுத்தினார். சிரிக்கவில்லை. "வீட்டுச் சத்தம் கேக்குதே" என்றார்.

"கேக்குது சார்."

"இன்னிக்கு எறங்காதேன்னாரு. நாளைக்கு பல்பு எரிஞ்சும் எறங்குன்னு கத்தினா?"

டீச்சர் இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தாள், இதற்குத்தான் தயாராகவும் வந்திருந்தாள். கத்தமாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். அவர் அடங்காத சாயங்கால நேரத்தில் சின்னக்குரலுக்கு இணைப்பே கிடையாது, அந்த நேரத்தை ஒண்டிக்கட்டை கூடத்திலிருந்து எடுத்துக்கொள்வாள். அதற்குப் பதில் சின்னக்குரல், கணவர் இருக்கும் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வாள். நடுவில் எப்போது முடியவில்லை என்றாலும் இணைப்பை அடுத்தவளுக்கு மாற்றிவிட்டு எழுந்து போகலாம். அவளுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். ஏன் எழுந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை என்றாள்.

"காரணம் கேக்காம எப்படிம்மா மேற்பார்வை பண்ணுவீங்க?"

"கேட்டா பொய்தான் வரும் சார். இதுவரைக்கும் அதான் வந்துச்சு. எல்லார் வீட்லயும் எல்லாரும் இருந்தாங்க, நம்மகிட்ட மட்டும் இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்படிச் சொல்ல வச்சது நான்தான்."

பெரிய சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்ற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் அவரிடமிருந்து வருவதில்லை. கையில் இருந்த பேனாவைத் திறந்தார், மூடினார்.

"அடுத்த புகார் வந்தா அவ மேல எழுத மாட்டேன். உங்க மேலதான் எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

"அந்தக் கிளி வச்சிருக்கிற பொண்ணுக்கும் ஒரு பல்பு அனுப்பிருங்க" என்றார், திரும்பாமலே.

டீச்சர் வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டே சின்னக்குரலுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள். இவள் போனுக்காக வீடே காத்துக்கொண்டிருந்திருக்கிறது போலும். பின்னால் அவள் கணவரின் தொண்டைக் கனைப்பும், ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசையும் கேட்டன. வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னாள். நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அழும்போதும் அவளுக்குச் சத்தம் வராது.

"அக்கா" என்றாள். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவள். "அக்கா, நான் உங்களுக்கு என்ன சொல்றதுன்னு..."

டீச்சருக்கும் சொல்வதற்கு இருந்தது. நீ அன்று அப்படிப் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் என் வீட்டு மனிதர் இன்னும் படிக்கட்டில்தான் இருந்திருப்பார், குளியலறை வாளியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், ஒண்டிக்கட்டை சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள், எல்லாம் உன்னால்தான் என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மணி அடித்தது. மாமா ஏதோ சொன்னார், என்னவென்று காதில் விழவில்லை.

"அக்கா, யாரோ மாட்டிக்கிட்டாங்க" என்றாள் சின்னக்குரல்.

"எடும்மா, எடு. இதை அப்புறம் பேசிக்கலாம்."

போன் நின்றது. எங்கோ ஒரு கட்டடத்தில், பாதி வழியில் தொங்கிக்கொண்டு, யாரோ ஒருவர் கூச்சலை நிறுத்திவிட்டு அந்தக் குரலைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்திருப்பார். டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, படி இறங்கினாள்.